ஸ்டேஷனுக்குக் கீழே முப்பத்துநான்கு நாள்

மார்செய் ஸ்டேஷனுக்குக் கீழே இருக்கும் தெருக்களில் எந்த ஓட்டலில் ஒரு பெண் தனியாகத் தங்கலாம், எதில் தங்கக்கூடாது என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அந்த வித்தையைக் கற்றுக்கொள்ள நான் அங்கே போகவில்லை. புருஷன் வீட்டில் குடித்தனம் பண்ணப் போனேன். அந்த வீட்டின் வாசற்படியை மிதிக்காமலே திரும்பி வந்தேன்.

எழுபத்தாறில் எனக்குக் கல்யாணம். அந்தக் காலத்தில் எங்கள் காரைக்கால் பக்கம் மாப்பிள்ளை குடிப்பானா, என்ன வேலை, என்ன வயது என்பதெல்லாம் அப்புறம்தான். முதல் கேள்வி, "நேஷனாலிட்டி இருக்கா?" என்பதுதான். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவன் அரைக்கிழவனாக இருந்தாலும் பெண் கொடுக்க வரிசையில் நிற்பார்கள். என் அப்பா வரிச்சிக்குடியில் நெல் விளைவிக்கிறவர். அவரும் வரிசையில் போய் நின்றார். நெரவியில் ஒரு குடும்பம். அந்த வீட்டுப் பெரியவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்தவர். பட்டாளத்துக்காரரை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள், அதனால் அது சொல்தா வீடு. இரண்டு பிள்ளைகளும் பிரான்சில். மூத்தவருக்கு மார்செய்யில் தொழிற்சாலை வேலை, சின்னவர் பட்டாளத்தில். மூத்தவருக்கு என்னைக் கொடுத்தார்கள். லீவில் வந்து தாலி கட்டியவர் இருபத்தோராம் நாள் விமானம் ஏறிவிட்டார். என் அப்பாவுக்கு மூன்று மாதம் கால் தரையில் பாவவில்லை. மறுவருஷம் சின்னவருக்கும் நெரவியிலேயே பெண் எடுத்தார்கள்.

என் பேப்பர்கள் வர இரண்டு வருஷம் ஆயிற்று. பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆபீசுக்குப் பஸ் ஏறி ஏறி அந்த வழியிலுள்ள புளியமரங்களை எண்ணி வைத்திருந்தேன். எழுபத்தெட்டில் புறப்பட்டேன். டிரங்குப் பெட்டியில் குடித்தனச் சாமான்: தோசைக்கல், அரிவாள்மணை, இட்லித் தட்டு, அம்மா வறுத்து அரைத்த குழம்புப்பொடி. கல்யாணச் சீரில் வந்த சிவப்புக் கட்டம் போட்ட ஜமுக்காளத்தை அவர் முன்பே எடுத்துக்கொண்டு போயிருந்தார். பாரிஸ் வரை பாண்டிச்சேரிக் குடும்பம் ஒன்று துணை. அவர்கள் என்னை ரயிலில் ஏற்றிவிட்டார்கள். மார்செய்யில் அவர் வந்து நின்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனின் நீளமான படிக்கட்டில் இறங்கினார். நானும் வீட்டுக்கு என்று நினைத்துப் பின்னால் இறங்கினேன்.

வீடு இல்லையாம். பார்த்த வீட்டில் தண்ணீர்க்குழாய் வேலை முடியவில்லையாம். "ரெண்டு நாளைக்கு இங்க இரு, அப்பறம் வந்து அழச்சிக்கிட்டுப் போறன்," என்று ஒரு ஓட்டலின் மூன்றாம் மாடியில் என்னைக் கொண்டுபோய் வைத்தார். தான் ஆண்கள் மட்டும் தங்கும் விடுதியில் இருப்பதாகவும் அங்கே பெண்பிள்ளையை விடமாட்டார்கள் என்றும் சொன்னார். நம்பினேன். நம்பாமல் என்ன செய்ய முடியும், அந்த ஊரில் எனக்குத் தெரிந்த ஒரே முகம் அது.

அந்த ஓட்டலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாடிப்படியில் விளக்குப் பித்தானை அழுத்தினால் ஒரு நிமிஷம் எரிந்துவிட்டுத் தானாக அணைந்துவிடும். மூன்று மாடி ஏறுவதற்குள் இரண்டு தடவை இருட்டு. இருட்டில் யாராவது மேலே இடித்துக்கொண்டு போவார்கள், வேண்டுமென்றே. கக்கூஸ் மாடிக்கு ஒன்று, நடைபாதைக் கடைசியில். அறைச் சாவி துருப்பிடித்தது, அந்தச் சாவியே பக்கத்து அறைக்கும் சேரும் என்று இரண்டாம் நாள் தெரிந்துகொண்டேன். நான்காம் நாள்தான் அது எந்த மாதிரி ஓட்டல் என்று புரிந்தது. மத்தியானத்தில் ஜோடியாக ஏறி வருவார்கள், அரைமணி கழித்துத் தனித்தனியாக இறங்கிப் போவார்கள். நான் வரிச்சிக்குடிக்காரிதான், ஆனால் மடச்சி இல்லை. அவரிடம் சொன்னேன். "ஸ்டேஷன் பக்கம்னா அப்படித்தான் இருக்கும். நீ பாட்டுக்கு ரூமுக்குள்ள இரு," என்றார்.

எனக்குப் பாதுகாப்பு விதிகள் சொல்லித் தந்தார். ஒரு விதியும் மறக்கவில்லை. நகை எதுவும் வெளியே தெரியக்கூடாது, தாலியை ரவிக்கைக்குள் போட்டுக்கொள். பொட்டு வைத்துக்கொண்டு தெருவுக்குப் போகாதே. ஐந்து மணிக்குமேல் கீழே இறங்காதே. யார் தட்டினாலும் கதவைத் திறக்காதே. எல்லாவற்றுக்கும் மேலாக, யாராவது தமிழில் பேசினால் வாயே திறக்காதே. "நம்ம ஆளுங்கதான் இங்க ரொம்ப மோசம். பாஸ்போர்ட்ட உருவிக்கிட்டுப் போய் வித்துடுவானுங்க," என்றார். நம் ஆள்களுக்கு இப்படிப்பட்ட பெயரா என்று எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

தினமும் ஆறு மணிக்கு வருவார். ரொட்டி, பால், வாழைப்பழம், சில நாள் அவித்த முட்டை. அரைமணி உட்கார்ந்துவிட்டுப் போவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரமாட்டார், ஓவர்டைம். வீடு என்னாயிற்று என்று கேட்டால் குழாய், குழாய் முடிந்தால் வர்ணம், வர்ணம் முடிந்தால் வீட்டுக்காரன் ஊரில் இல்லை. இரண்டு நாள் பத்து நாளாயிற்று, இருபது நாளாயிற்று. அடிக்கடி உடம்பு சரியில்லை என்று படுத்துவிடுவேன். ஜுரம் இல்லை, ஒன்றும் இல்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிற வியாதி.

ஒருநாள் மத்தியானம் யாரோ என் கதவின் கைப்பிடியைத் திருகினான். திருகிவிட்டுத் தோளால் முட்டினான். நாற்காலியைக் கைப்பிடிக்கு அடியில் முட்டுக்கொடுத்துவிட்டு, பெட்டியைத் திறந்து தோசைக்கல்லை எடுத்துக்கொண்டு கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். அவன் போன பிறகும் ஒரு மணி நேரம் கல்லைக் கீழே வைக்கவில்லை. நான் பிரான்சுக்குக் கொண்டுபோன தோசைக்கல் அந்த ஒரு வேலைக்குத்தான் பயன்பட்டது.

அதற்குப் பிறகு ஜன்னலில் உட்கார்ந்து எதிர்ச்சாரி ஓட்டல்களைக் கவனிக்க ஆரம்பித்தேன். என்னை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்வது என்று முடிவு. எந்த வாசலில் பகலிலேயே ஆள்கள் சும்மா நிற்கிறார்கள், எந்த வாசலைக் காலையில் ஓர் அம்மாள் தானே கழுவிவிடுகிறாள், எங்கே காய்கறிப் பையோடு குழந்தை குட்டியோடு ஏறி இறங்குகிறார்கள் என்று பார்த்தேன். மூலையில் ஒரு சின்ன ஓட்டல். வாசலில் போய் எட்டிப் பார்த்தேன். சாவிகளெல்லாம் ஒரு கிழவி உட்கார்ந்திருக்கும் மேசைக்குப் பின்னால் தொங்கும், அவளைத் தாண்டாமல் யாரும் மேலே போக முடியாது. வாடகையும் பெரிய வித்தியாசமில்லை, வாசல் அட்டையில் எழுதியிருந்தது. அதைச் சொன்னேன். அவருக்கு முகம் மாறியது. "அங்க நம்ம ஊர்க்காரங்க வந்து தங்குவாங்க. வேணாம்," என்றார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. இந்த ஓட்டலில் நம் ஊர்க்காரர் ஒருவரும் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள் என்பதற்காகவே என்னை இங்கே வைத்திருக்கிறார் என்று நினைக்கிற அளவுக்குக் கெட்ட புத்தி எனக்கு அன்றைக்கு இல்லை.

இருபத்தொன்பதாம் நாள் காலையில் சந்தைக்குப் போனேன். ரொட்டி தின்று நாக்கு செத்துப்போயிருந்தது, பச்சை மிளகாய் வாங்கலாமென்று. மீன்கடை ஓரமாகப் போகும்போது, "காரைக்கால் பக்கமாம்மா?" என்று ஒரு குரல். நாற்பது வயது இருக்கும், துறைமுகக் கூலி உடுப்பு. விதிப்படி வாயை மூடிக்கொண்டு நடந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு மாதமாக அந்தப் பேச்சைக் கேட்காத காது நின்றுவிட்டது. தான் பட்டினச்சேரி என்றும், கப்பலில் வந்து இங்கேயே தங்கிவிட்டதாகவும், ஊரைப் பார்த்து ஏழு வருஷம் ஆயிற்று என்றும் அவரே சொன்னார்.

"நீங்க யாரு வூட்டுப் பொண்ணும்மா? மாப்பிள்ள யாரு?"

"நெரவி. சொல்தா வீட்டு மருமக," என்றேன்.

"பேரு?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். எங்கள் பக்கத்தில் புருஷன் பேரைப் பெண்டாட்டி வாயால் சொல்லும் வழக்கம் கிடையாது. பாண்டிச்சேரியில் அதிகாரி கேட்டபோதுகூட அப்பாதான் பதில் சொன்னார். அந்த மனிதர் சிரித்தார்.

"சரி சரி, நீங்க சொல்ல மாட்டீங்க. சின்னவரு சம்சாரந்தான? அவருக்குக் கல்யாணம்னு கேள்விப்பட்டன். பட்டாளத்துல குவார்ட்டர்ஸ் குடுக்கலியா, எங்க தங்கியிருக்கீங்க?"

இல்லை, மூத்தவர் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் கையிலிருந்த அறைச் சாவியைப் பார்த்துவிட்டு அவர், "ஓட்டல்லயா? ஏம்மா, உங்க மூத்தாரு வூட்ல எறங்குறதுக்கென்ன? அந்த வெள்ளக்காரம்மா தங்கமானவங்க. போன ஞாயித்துக்கெழம அங்கதான் சாப்பாடு எனக்கு. மீன் கொழம்பெல்லாம் நம்ம கணக்கா வைக்கிறாங்க. மூத்த பயலுக்கு நாலு வயசு, சின்னது கைக்கொழந்த," என்று சொல்லிக்கொண்டே போனார். மூத்தார் என்றால் புருஷனுடைய அண்ணன். அவர் மூத்தார் என்றது என் புருஷனை. நான் பேரைச் சொல்லியிருந்தால் அந்த நல்ல மனிதர் மென்று விழுங்கிக்கொண்டு போயிருப்பார். சொல்லாததால் ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். வீட்டுக்கு எந்தப் பஸ், எந்த நிறுத்தம், எத்தனையாவது கட்டடம் என்பதுவரை. நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பச்சை மிளகாய் வாங்க மறந்துவிட்டேன்.

மறுநாள் பகலில் போனேன். பொட்டு வைத்துக்கொண்டு, தாலியை வெளியே போட்டுக்கொண்டு போனேன். ஒருவனும் பறிக்கவில்லை. மேட்டில் ஐந்தடுக்குக் கட்டடம். இரண்டாம் மாடி மாடத்தில் கொடி கட்டித் துணி காய்ந்தது, குழந்தைச் சட்டைகளுக்கு நடுவே என் சீர் ஜமுக்காளம். ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து அதைத் தட்டித் திருப்பிப் போட்டாள். கீழே நிற்கும் என்னைப் பார்த்து, யாரோ என்று நினைத்துச் சிரித்தாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். அவள் முடியைப் பிடித்து இழுத்து வர வேண்டும் போலிருந்தது. ஆனால் அவளுக்கும் நான் யாரென்று தெரியாது என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. பஸ் ஏறித் திரும்பினேன்.

ஆறு மணிக்கு வந்தார். "ஒங்க வீட்டப் பாத்துட்டு வந்தன்," என்றேன்.

"யாரு காட்டுனா?" இதுதான் முதல் கேள்வி.

பஸ் சீட்டை எடுத்துக் காட்டினேன்.

"தனியாவா போன? அறிவிருக்கா ஒனக்கு? எவ்வளவு ஆபத்து தெரியுமா?" என்றார்.

சிரித்துவிட்டேன். ஒரு மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு. அப்புறம் அழுதேன், அவரும் அழுதார், எல்லாம் சரியாகிவிடும் என்றார், கொஞ்சம் பொறுத்துக்கொள் என்றார். இதே அறையில் பொறுத்துக்கொள்ள வேண்டுமாம். வாரத்துக்கு ஆறு நாள் வருவாராம். என்னை ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்றேன். வீடு கிடைக்க ஒரு மாதம் போதவில்லை, டிக்கெட் இரண்டாம் நாளே வந்துவிட்டது.

மிச்சமிருந்த நான்கு இரவுக்கும் நானே ஓட்டல் பார்த்துக்கொண்டேன். மூலை ஓட்டல் கிழவியிடம் போய்ப் பெட்டியை வைத்துவிட்டு நான்கு விரலைக் காட்டினேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தன் அறைக்கு நேர் மேலே உள்ள அறைச் சாவியைக் கொடுத்தாள். கதவில் உள்தாழ்ப்பாள் இருந்தது. பிரான்சில் நான் நிம்மதியாகத் தூங்கியது அந்த நான்கு இரவுதான். புருஷன் எங்கே இருக்கிறார் என்ற கவலையும் தீர்ந்துபோயிருந்தது, அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஊருக்கு வந்து சேர்ந்தபோது அறுவடை நடந்துகொண்டிருந்தது. அப்பா களத்திலிருந்து வந்து கால் கழுவினார். நடந்ததையெல்லாம் சொன்னேன். வெள்ளைக்காரி, நாலு வயதுப் பையன், கைக்குழந்தை, ஜமுக்காளம் எல்லாம். அவர் திடுக்கிடுவார், அரிவாளைத் தூக்கிக்கொண்டு நெரவிக்குப் போவார், நான் காலைப் பிடித்துத் தடுக்க வேண்டியிருக்கும் என்று விமானத்தில் வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மெதுவாக, "கட்டுன பொண்டாட்டி நேர்ல போய் நின்னா அவள விட்டுடுவான்னு நெனச்சன்," என்றார்.

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. "ஒங்களுக்கு எப்ப தெரியும்?"

"பேசி முடிக்கயிலயே சொன்னாங்க. அதெல்லாம் அந்த ஊர்ல சகஜம்னாங்க."

"அந்த ஓட்டல் எப்படிப்பட்ட எடம்னு தெரியுமாப்பா?"

"எடம் எப்படியிருந்தா என்ன, நீ பத்தரமா வந்துட்டல்ல," என்றார்.

அடுப்படியில் அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். புருஷன் வீட்டுக்குப் போன ஒரே மாதத்தில் திரும்பி வந்த மகள் நான் கூடத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தேன். ஏன், என்ன என்று கேட்டு அவள் வெளியே வரவில்லை.