வரதன் சொல்லாமல் போனது

வாலாஜாபாத்தைத் தாண்டி தென்னேரி நிறுத்தத்தில் பேருந்து நின்றிருந்தபோது கைப்பேசி அடித்தது. சிராஜ் பேசினான். எங்கள் காஞ்சிபுரம் ஹாக்கி அணியில் சென்டர் ஃபார்வர்டாக ஆடியவன்.

"ஏழுமல, எங்க இருக்கிற?"

"வேலைக்குப் போய்க்கினு இருக்கேன். இன்னா, சொல்லு."

"வரதன் பூட்டான்பா. பேங்குக்குக் கெளம்பி ஷூ மாட்டிக்கினு இருந்தானாம். அப்படியே சாஞ்சுட்டான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

இறங்கி எதிர்ப்பக்கம் போய் நின்றிருந்தால் ஊருக்குத் திரும்பும் பேருந்து கிடைத்திருக்கும். நான் இறங்கவில்லை. ஸ்ரீபெரும்புதூர் போய் அலுவலகத்தில் உட்கார்ந்து, மதியம்வரை வந்தவர்களுக்கெல்லாம் பதில் சொன்னேன். பிறகுதான் அனுமதி கேட்டுக் கிளம்பினேன். சின்ன காஞ்சிபுரத்தில் அவன் வீட்டுத் தெரு நிறைந்திருந்தது. வரதனும் நானும் பல வருடங்களாகப் பேசிக்கொள்வதில்லை என்பது அங்கிருந்த பலருக்குத் தெரியும். ஏன் என்பது தெரியாது. பிறகு நடந்த இரங்கல் கூட்டத்தில் சிராஜ் என்னைப் பேசக் கூப்பிட்டான். மறுத்துவிட்டேன். அன்று பேசாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வரதன் கோயில் கைங்கர்யக் குடும்பத்துப் பிள்ளை. நான் முசரவாக்கத்து விவசாயியின் மகன். கல்லூரி அணியில் அவன் லெஃப்ட் பேக், நான் ரைட் பேக். அந்த நாளில் கோல்கீப்பர் காலில் கட்டும் பேடுகள் தோலால் ஆனவை. அவற்றை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று வரதனின் அப்பா சொன்னதால்தான் கோல்கீப்பராக வேண்டியவன் தற்காப்பு ஆட்டக்காரனாக ஆனான். "பெருமாள் புண்ணியத்துல உனக்கு ஒரு கூட்டாளி கெடச்சான்" என்று அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

அவனுடைய தைரியத்தைப் பார்த்தவர்கள் மறக்க முடியாது. பெனால்டி கார்னரில் எதிரணி ஆள் பந்தை முழு பலத்தோடு கோலை நோக்கி அடிப்பான். அடிக்கும் முன்பே கோல் கோட்டிலிருந்து அவனை நோக்கி ஒருவர் ஓட வேண்டும். பந்து அந்த ஆளின் உடம்பில் எங்கே வேண்டுமானாலும் படலாம். எங்கள் அணியில் அது எப்போதும் வரதன்தான். வேலூரில் ஓர் இறுதி ஆட்டத்தில் பந்து தாடையில் பட்டு வாயெல்லாம் ரத்தம். துப்பிவிட்டு அடுத்த கார்னருக்கும் அவனே ஓடினான். ஆட்டம் முடிந்ததும் ஏன்டா இப்படி என்று கேட்டேன். "பந்து வர்ற வழியில நிக்கறதுதான்டா நம்ம வேல. அதுகூட இல்லன்னா நமக்கு வேற இன்னா தெரியும்?" என்றான்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் இருவருக்கும் இந்திய அணியின் பயிற்சி முகாமுக்கு அழைப்பு வந்தது. நாங்கள் பள்ளிப் பிள்ளைகளாக இருந்தபோது மாஸ்கோவில் வென்றதோடு இந்தியாவின் ஒலிம்பிக் தங்கங்கள் நின்றுபோயிருந்தன. அடுத்த தங்கத்தை நாங்களே கொண்டுவரப் போவதுபோல ரயிலேறினோம். முகாம் பெங்களூரில். சரளைத் தரையில் ஆடிப் பழகிய எங்களுக்குச் செயற்கைப் புல்தரை கண்ணாடிபோல வழுக்கியது. சுற்றிலும் இந்தியும் பஞ்சாபியும். இருவரும் ஒரே அறையில் இருந்தோம். எனக்கு அவன், அவனுக்கு நான்.

ஒரு பயிற்சியில் என் வலது முட்டி திருகிக்கொண்டது. வரதன் சமையல்கூடத்திலிருந்து ஐஸ் கொண்டுவந்து வைத்துக் கட்டினான். இரண்டொரு நாளில் வீக்கம் வடிந்துவிட்டது. அதன் பிறகு நடந்த தேர்வு ஆட்டங்களில் நான் என் வாழ்க்கையிலேயே சிறப்பாக ஆடினேன். இதை நானே சொல்லிக்கொள்ளவில்லை. வரதன் சொன்னது.

ஐரோப்பியப் பயணத்துக்கான பெயர்களைப் படித்தார்கள். வரதன் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை. பயிற்சியாளரிடம் போய் நின்றேன். என் முட்டியைக் காட்டி, அடிபட்டவனை அழைத்துப்போக முடியாது என்று ஆங்கிலத்தில் சொல்லி அனுப்பிவிட்டார். வரதன் என்னை ரயிலேற்ற வந்தான். நடைமேடையில் எல்லோரும் பார்க்க என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். "அநியாயம்டா ஏழுமல. இது அநியாயம்." நான்தான் அவனைத் தேற்றினேன்.

அவன் ஊர் திரும்பியபோது திறந்த ஜீப்பில் நான்கு ராஜ வீதிகளையும் சுற்றிவந்தோம். மாலையைப் போட்டதும் நான், பக்கத்தில் நின்றதும் நான். இரண்டு ஆண்டுகள் இந்திய அணிக்கு ஆடினான். ஜெர்மனியோடு ஆடிய ஆட்டம் ஒன்றைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். பெனால்டி கார்னரில் முதல் ஆளாக ஓடி இடுப்பில் பந்தை வாங்கினான். எங்கள் வீட்டில் கூடியிருந்த முசரவாக்கமே எழுந்து கத்தியது. பிறகு ஒருநாள் அணியில் அவன் பெயர் இல்லை. யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. பேப்பரைப் பார்த்துத் தெரிந்துகொண்டு நேராக என்னிடம் வந்தான். பாங்காக் ஆசியப் போட்டியில் நம் அணி தங்கம் வென்றபோது சேர்ந்துதான் பார்த்தோம். "நாம இல்லாமலே ஜெயிச்சுட்டாங்கடா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். அந்த 'நாம' எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்தது.

சில ஆண்டுகளுக்குப் பிறகு, முகாமில் வீரர்களுக்கு மசாஜ் செய்துவிட்ட, தமிழ் தெரிந்த பெரியவர் ஒருவர் மகள் கல்யாணத்துக்குப் பட்டெடுக்கக் காஞ்சிபுரம் வந்தார். எப்படியோ என்னைத் தேடிப்பிடித்தார். காந்தி ரோட்டில் எனக்குத் தெரிந்த கடைக்கு அழைத்துப்போனேன். முகூர்த்தப் புடவையை எங்கள் மடிவரை விரித்துப்போட்டுக் கடைக்காரர் ஜரிகையைக் காட்டிக்கொண்டிருந்தார். பெரியவர் பேச்சுவாக்கில் கேட்டார்.

"உன் முட்டி இப்போ எப்படி இருக்குப்பா? அப்போ ரொம்ப மோசமாமே."

"மோசமா? யார் சொன்னது?"

"உன் கூட்டாளிதான். நான் கோச் காலைப் பிடிச்சுவிட்டுட்டு இருந்தேன், அப்போ வந்தான். 'சார், ஏழுமலை வெளியே சொல்ல மாட்டான். ராத்திரி எல்லாம் வலியில அழறான். டூர் தாங்காது'ன்னான். நல்ல பையன், உன்மேல எவ்வளவு அக்கறை!"

நான் ஒரு ராத்திரியும் அழவில்லை. விரித்த புடவை மடியில் கிடந்ததால் எழுந்திருக்கவும் முடியவில்லை. அவர் நிறம் தேர்ந்தெடுத்து முடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பழைய அணியினர் வாராவாரம் கூடும் ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் வரதனைத் தனியாகப் பிடித்தேன். மறுப்பான் என்று நினைத்தேன். மறுக்கவே இல்லை.

"ஆமா. நான்தான் சொன்னேன்."

"ஏன்டா?"

"பேக்ல ஒரு எடம்தான் பாக்கின்னு காதுல விழுந்துச்சு. நீ என்னவிட நல்லா ஆடிக்கினு இருந்த."

"ஸ்டேஷன்ல கட்டிப்பிடிச்சுக்கினு அழுதியே, அது இன்னாடா?"

"அது பொய் இல்ல ஏழுமல. நெஜமாத்தான் அழுதேன்."

அன்றோடு மைதானத்துக்குப் போவதை நிறுத்தினேன்.

இந்த ஆண்டு, 2008இல், சிலி நாட்டில் நடந்த தகுதிச் சுற்றில் பிரிட்டனிடம் தோற்று, நம் அணி ஒலிம்பிக்குக்கே போக முடியாமல் ஆனது. எண்பது ஆண்டுகளில் முதன்முறை. செய்தி வந்த அன்று மாலை வரதன் முசரவாக்கம் வந்தான். என் மனைவி நாற்காலி போட்டாள். உட்கார்ந்தான்.

"வேற யாருகிட்டப் போய் இதச் சொல்றதுன்னு தெரியலடா" என்றான். பிறகு, "உனக்கு நான் இன்னா செய்யணும்? சொல்லு, செய்யறேன்."

"நீ செஞ்சத சிராஜுகிட்டயும் மத்தவங்ககிட்டயும் உன் வாயாலயே சொல்லு. வேற ஒண்ணும் வேணாம். முட்டி போனவன்னுதான் இன்னும் என்னச் சொல்லிக்கினு இருக்காங்க."

"ஞாயித்துக்கெழம கிரவுண்டுக்கு வா. சொல்றேன்."

போனேன். எல்லோரும் அவனைச் சூழ்ந்துகொண்டு இந்திய அணி ஏன் இப்படி ஆனது என்று கேட்டார்கள். வரதன் சொன்னான்: "தகுதி இருக்கறவன எடுக்கறதே இல்லப்பா. யாரோ போய்ச் சொல்றத நம்பிக்கினு ஆள வெளிய அனுப்பிடறாங்க. வெளங்குமா?" எல்லோரும் ஆமாம் என்றார்கள். அவன் என் பக்கம் பார்க்கவில்லை. கலையும்போது அருகில் வந்து, "இன்னிக்கு முடியலடா. அடுத்த வாரம்" என்றான்.

அடுத்த வாரம் நான் போகவில்லை. அவன் சொல்லவும் இல்லை. முகத்துக்கு நேரே வரும் பந்துக்குப் பயப்படாதவன், கூட ஆடிய நாலு பேரின் முகத்துக்குப் பயந்தான். இரங்கல் கூட்டத்தில் "பொய்யே பேசாதவன்" என்று சிராஜ் சொன்னபோது, மறுபடியும் ஒருமுறை என் பெயரை விட்டுவிட்டு மற்றவற்றைப் படித்ததுபோல இருந்தது.

இதை எழுதுவதற்கு முன் அவன் மனைவி கோமளாவைப் போய்ப் பார்த்தேன். எழுதப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். எதை என்று அவர் கேட்கவில்லை.

"நேக்குத் தெரியும், அண்ணா" என்றார். "கல்யாணமான புதுசுலயே சொல்லிட்டார். ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும், இன்னிக்குச் சொல்லிடறேன்னுதான் கெளம்புவார். வந்து நேரே படுத்துண்டுடுவார். நீங்க எழுதுங்கோ."

என்னைத் தவிர இன்னொருவருக்கு இத்தனை காலமும் தெரிந்திருக்கிறது. அதைக் கேட்டுக் கோபம் குறையவில்லை, கூடியது. மனைவியிடம் சொல்ல முடிந்தவனுக்கு, பாங்காக் ஆட்டத்தை என் தோளில் சாய்ந்து பார்த்தவனுக்கு, என்னிடம் சொல்ல ஏன் முடியவில்லை? கேட்பதற்கு ஆள் இல்லை.

வரதனிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒன்று உண்டு. சேர்ந்து ஆடிய அத்தனை ஆட்டங்களிலும் பந்தை என் இடப்பக்கம் தள்ளிவிடுவதற்கு முன் நான் திரும்பிப் பார்த்ததே இல்லை. அவன் அங்கே இருப்பான். ஒரு தடவைகூட இல்லாமல் போனதில்லை. அப்படி ஓர் ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடுவது எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு யாரிடமும் நான் அப்படிப் பந்தைத் தள்ளியதில்லை.