மாமா திறந்த தகவல் பலகை

எங்கள் தெருவில் முதன்முதலாகப் போன் வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். அதனால் தெருவில் பாதிப் பேருடைய கல்யாணப் பத்திரிகையிலும் வேலைக்கான விண்ணப்பத்திலும் எங்கள் நம்பர்தான் இருக்கும். அடுத்தவர் வீட்டுப் போன் என்று காட்டப் பக்கத்தில் பி.பி. என்று போட்டுக்கொள்வார்கள். அவர்களில் யாருக்காவது போன் வந்தால் ஓடிப்போய்க் கூப்பிட வேண்டியது என் வேலை. ஆள் இல்லையென்றால் சேதியைக் கேட்டு வைத்திருந்து, வந்ததும் சொல்ல வேண்டும். திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கும் கடலுக்கும் நடுவே யாரை எப்போது பெண் பார்க்க வருகிறார்கள், யாருக்கு எந்தக் கம்பெனியில் வேலை கிடைத்தது என்பதெல்லாம் பத்து வயதிலேயே எனக்கு அத்துப்படி. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அம்மாவின் தம்பி அப்போது எங்களோடு இருந்தார். துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் செய்யும் ஓர் அலுவலகத்தில் வேலை. அங்கே வேண்டாம் என்று ஒதுக்கிய கம்ப்யூட்டர் ஒன்றை மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, கூடத்தில் போனுக்குப் பக்கத்திலேயே வைத்தார். அம்மா அதற்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினாள். கொஞ்ச நாளில் பர்மா பஜாரிலிருந்து சோப்பு டப்பா மாதிரி ஒரு பெட்டியும் வந்து சேர்ந்தது. அதன் பெயர் மோடம் என்றார் மாமா.

"இத்த போன்ல மாட்டிட்டா போதும் கண்ணு. மெட்ராஸ்ல எவன் வூட்ல கம்ப்யூட்டர் கீதோ, அவன் நம்ம நம்பருக்கு அடிச்சு உள்ள வந்துடலாம். சேதி எய்தி வச்சிட்டுப் போலாம். அடுத்து வர்றவன் அத்தப் படிச்சிட்டுப் பதில் எய்துவான். நம்ம வூடே ஒரு நோட்டீஸ் போர்டு ஆயிடும்."

நான் தினமும் செய்கிற வேலையைத்தான் இவர் இத்தனை சுற்றி வளைத்துச் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் முகம் தெரியாத ஒருவர் எங்கிருந்தோ எங்கள் கூடத்துக்குள் வந்து எழுதிவிட்டுப் போவார் என்பதை நினைக்க நினைக்க ஆசையாக இருந்தது. திரையில் வருகிறவர்களை வரவேற்க மாமா கோடுகளையும் நட்சத்திரக் குறிகளையும் அடுக்கி ஒரு கப்பல் வரைந்தார். அதன் புகைக்கு வைத்த புள்ளிகள் எல்லாம் நான் தட்டியவை.

முதல் நாள், பெட்டி வேலை செய்கிறதா என்று பார்க்க, மாமா அதைத் தன் அலுவலகத்து ஃபேக்ஸுக்கு அடிக்க வைத்தார். தகரத்தைத் தார் ரோட்டில் இழுத்துக்கொண்டு போவதுபோல ஒரு கீச்சொலி கிளம்பியது. "இதான் அதுங்க பாஷை. எவனாவது அடிச்சான்னா இப்டித்தான் கத்தும்" என்று மாமா பூரித்துப்போனார். ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்த அப்பா எழுந்து வந்து இருவரையும் முறைத்தார்.

அதற்குப் பிறகு அப்பா போட்ட கண்டிஷன் இது. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு மேல் சாயங்கால டீ வரைக்கும்தான் போர்டு திறந்திருக்கலாம். அந்த நேரம் அவர் தூங்குகிற நேரம் என்பதால் சின்னச் சத்தம்கூட வரக்கூடாது. மாமா அந்த நேரத்துக்கு மட்டும் போன் மணியை அடக்கினார், மோடத்தின் வாயையும் அடைத்தார். ரிச்சி தெருக் கம்ப்யூட்டர் கடைகளில் எங்கள் நம்பரை ஒட்டிவிட்டு வந்து காத்திருக்க ஆரம்பித்தார்.

அழைப்பும் வந்தது. திரையில் 'ரிங்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி முளைக்கும், மோடம் தானே போனை எடுத்துக்கொள்ளும். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. கடைசியில் 'நோ கேரியர்' என்று வந்து நின்றுவிடும். வந்தவர் உள்ளே நுழைய முடியாமல் திரும்பிப் போய்விட்டார் என்று அர்த்தமாம். உடனே மறுபடி அடிப்பார், மறுபடி போய்விடுவார். "பாவம், அவன் மோடத்துல செட்டிங் சரியில்ல" என்று மாமா அந்த முகம் தெரியாதவருக்காக உருகுவார். அடுத்த ஞாயிறு அவர் எப்படியும் உள்ளே வந்துவிட வேண்டும் என்று வாரம் முழுக்க எதையெதையோ மாற்றிக்கொண்டிருப்பார்.

இதற்கிடையே எதிர்வீட்டு அக்காவுக்கு முகமே செத்துப்போயிருந்தது. அவள் வீட்டுக்காரர் கப்பலில் சமையல்காரர். இந்தத் தடவை போகாதே என்று இவள் சொல்ல, போயே தீருவேன் என்று அவர் சொல்ல, ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பிப் போயிருந்தார். அக்கா மற்ற நாளெல்லாம் இறால் கம்பெனிக்குப் போய்விடுவதால், கப்பல் எந்த ஊரில் நின்றாலும் அவர் ஞாயிறு மதியம்தான் எங்கள் வீட்டுக்குப் போன் செய்வது வழக்கம். இப்போது அதுவும் நின்றுவிட்டது. ஞாயிறானால் அக்கா தன் வாசலில் நின்றபடி கையைக் காதில் வைத்துக் காட்டுவாள். நான் எங்கள் வாசலிலிருந்து இல்லை என்று தலையாட்டுவேன். உள்ளே வந்து மாமாவிடம், "போர்டுக்கு நம்ம ஆளு இன்னிக்கு வந்தானா?" என்று கேட்பேன்.

ஒரு ஞாயிறு அக்கா துணிப் பையோடு வந்து நின்றாள். முகத்துவாரக்குப்பத்தில் இருக்கும் தன் அம்மா வீட்டோடு போய்விடப் போவதாக என் அம்மாவிடம் சொன்னாள்.

"கோவம் இர்ந்தா ரெண்டு வார்த்த திட்டிட்டாவது போட்டும். இப்டி வாயே தொறக்காத மனுசனுக்காக நான் இங்க ஏன்க்கா குந்திகினு இருக்கணும்?"

அம்மா அவளைக் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அந்த நேரம் பார்த்துத் திரையில் 'ரிங்' வந்தது. அன்று அப்பா டியூட்டிக்குப் போயிருந்தார். எனக்கு அந்தக் கீச்சொலியை இன்னொரு தரம் கேட்க ஆசை. சத்தம் வை மாமா, சத்தம் வை என்று நச்சரித்தேன். அந்த முறை நோ கேரியர் ஆகிவிட்டது. "இர்ரு, வுட மாட்டான், திரும்பி அடிப்பான்" என்று மாமா ஏதோ தட்டி மோடத்தின் வாயைத் திறந்துவிட்டார்.

அவர் சொன்னபடியே திரும்பி அடித்தது. கூடம் முழுக்கக் கீச்சென்று அலறியது. அந்த அலறலுக்கு நடுவே, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஓர் ஆண்குரல் கேட்டது.

"அலோ... அலோ... இன்னாய்யா இது, எப்பப் போட்டாலும் இப்டி கத்துது... அலோ, எதிர்வூட்ல கொஞ்சம் கூப்டுங்களேன்..."

அக்கா எழுந்த வேகத்தில் பை கவிழ்ந்தது. பாய்ந்து போனை எடுத்துவிட்டாள். கீச்சொலி மட்டும் நிற்கவில்லை. மாமா ஒரு நொடி திரையைப் பார்த்தார். அங்கே எங்கள் கப்பல் நின்றுகொண்டிருந்தது. பிறகு அவரே மோடத்தின் வயரைப் பிடுங்கினார்.

"எங்கய்யா போய்த் தொலஞ்ச நீ?" என்று அக்கா கத்தினாள். உடனே அழுதுவிட்டாள். அழுகைக்கு நடுவிலேயே, "சாப்ட்டியா?" என்று கேட்டாள். அம்மா என்னையும் மாமாவையும் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

"அப்ப நம்ம போர்டுக்கு யாருமே வர்லியா மாமா?" என்று கேட்டேன்.

"வந்தாங்க கண்ணு. எதிர்வூட்டுக்கு வந்தாங்க" என்றார்.

அன்றே மோடம் பரணுக்குப் போனது, போன் மணி பழையபடி ஒலித்தது. ஞாயிறு மதியமும் என் வேலை எனக்குத் திரும்பக் கிடைத்ததில் எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். ஆனால் அதற்குப் பிறகும் வெகு நாளைக்கு, ஞாயிறு மதியம் மணி அடித்தால் மாமா என்னை முந்திக்கொண்டு ஓடுவார். ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு உற்றுக் கேட்பார். பிறகு என் கையில் கொடுத்துவிட்டு, "யாருக்கோ, போய்க் கூப்டு" என்பார். இத்தனை படித்த மாமாவுக்குப் போனை எடுத்தால் அலோ சொல்ல வேண்டும் என்றுகூடத் தெரியவில்லையே என்று நான் தெருவெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.