ராசையா அண்ணனின் சிவப்புக் கோடுகள்

கேம்ப் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் நேற்றுக் காலை ஒரு செய்தி வந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிக் கொஞ்ச காலம்தான் ஆகிறது. யாரிடமும் போனை நீட்டாமல் நானே படித்தேன். ‘ராசையா’ என்று முதல் சொல் கூடி வந்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். அண்ணன் பெயரை நானாகப் படித்தது அதுதான் முதல் முறை. அடுத்த சொல்லுக்குப் போக நேரம் பிடித்தது. அந்தச் சின்ன நேரம் முழுக்க அண்ணன் எனக்கு உயிரோடு இருந்தார். இலங்கையில், ஹட்டனில், தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

அமீரகத்தில், ராஸ் அல் கைமாவில் டைல்ஸ் கம்பெனியின் தொழிலாளர் கேம்ப்பில் அவரும் நானும் ஒரே ரூம். உடைசல் டைல்ஸைத் தொட்டியில் எறிவது அவர் வேலை. எவ்வளவு தூரத்திலிருந்து எறிந்தாலும் தொட்டியின் ஒரே மூலையில் போய் விழும். அதைப் பார்த்துத்தான் சூப்பர்வைசர் ரெனே, பிலிப்பைன்ஸ்காரர், அவரை வெள்ளிக்கிழமை பேஸ்பால் ஆட்டத்தில் பந்து எறியும் பிட்சர் ஆக்கினார். மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பது என் வேலை.

குளிர்காலக் காலைகளில் அங்கே மூடுபனி இறங்கும். அண்ணன் உருவம் தெரியாது. ஒரு கை மேலே போவது மட்டும் தெரியும். பிறகு ஒன்றும் இல்லை. பிறகு என் இடது உள்ளங்கையில் பந்து இருக்கும். நடுவில் அது எங்கே இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆனாலும் நாங்கள் தோற்றுக்கொண்டே இருந்தோம். எங்களுக்குத் தெரிந்தது கிரிக்கெட். பேஸ்பாலில் பந்தை முன்னால் அடித்தால் ஓடியே ஆகவேண்டும். எங்கள் பரமக்குடி முருகேசன் ஓங்கி அடித்துவிட்டு அப்படியே நிற்பான்.

“ஓடுறா!”

“ரிஸ்க் எதுக்குண்ணே? அடுத்த பந்துல பாத்துக்கலாம்.”

ஓடினாலும் மட்டையைத் தூக்கிக்கொண்டே ஓடி, கடைசியில் அதைத் தரையில் நீட்டித் தேய்ப்பான். பிலிப்பைன்ஸ்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

மெஸ் சுவரில் பிட்சர் ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய ஒரு வெள்ளை டைல்ஸ் ஒட்டியிருந்தது கேம்ப்பில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். ஜெயித்தால் அதில் பச்சைக் கோடு, தோற்றால் சிவப்பு. முருகேசன் ஓடாமல் நின்றதற்கும் அண்ணன் டைல்ஸில்தான் சிவப்பு விழும். அதற்கு எதிரே உட்கார்ந்துதான் அவர் சாப்பிடுவார்.

“ஓட வேண்டியவன் ஓடல. நீங்க என்னண்ணே செய்வீங்க?”

“பந்து எங் கையிலதானே இருந்திச்சு தம்பி. தோத்தா அது நான் தோத்ததுதான்.”

“அப்ப சோறு குழைஞ்சா நெல்லு வெளைவிச்சவன் மேல பழியா?”

“பேசாம சாப்புடுங்க தம்பி.”

வேலையை முடித்து ஒரேயடியாக ஊர் திரும்ப அவருக்கு ஃபைனல் எக்ஸிட் வந்தபோது ஒன்றுதான் சொன்னார்: “ஒரு பச்சைக் கோடு போட்டுட்டு ஊருக்குப் போயிட்டா மனசு ஆறிடும்.” துறைமுகத்து அணியோடு கம்பெனி மோதும் ஆட்டம் மட்டுமே பாக்கி. அதில் அண்ணனை எறிய விடச் சொல்லி நான் ரெனேயிடம் போனேன்.

“உஸ்கா டைல்ஸ் தேக்கோ பாய். ஸப் லால்,” என்றார். அண்ணன் டைல்ஸில் எல்லாமே சிவப்பாம்.

நீங்களே பிடித்துப் பாருங்கள் என்று என் கையுறையைக் கழற்றி அவரிடம் நீட்டினேன். அண்ணன் எறிய, ரெனே சில பந்துகள் பிடித்தார். பிறகு கையை உதறினார், உள்ளங்கையை ஊதிக்கொண்டார். “யல்லா. ஃப்ரைடே ஆஜாவ்,” என்று அண்ணனை வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை துறைமுகத்து ஆட்கள் பனியைத்தான் அடித்தார்கள். நாங்களும் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. பனி கலைந்து மலை தெரிந்த நேரத்தில் அண்ணன் கை தளர்ந்தது. கடைசிச் சுற்றுக்கு அவருக்குப் பதிலாக ரெனே வந்து சில பந்துகள் எறிந்தார். அடுத்து எங்கள் முறை. முருகேசன் அடித்தான். இந்தத் தடவை ஓடினான், மட்டையோடு. ஜெயித்துவிட்டோம்.

ஆனால் அணி முந்தும் நேரத்தில் யார் பிட்சரோ, வெற்றி அவருக்கே என்பது ஆட்டத்தின் விதி. பச்சைக் கோடு ரெனே டைல்ஸில் விழுந்தது. “சாரி பாய், ரூல்,” என்று தலையைச் சொறிந்தார். நான் சத்தம் போட்டேன். அண்ணன் என்னை இழுத்து உட்கார வைத்தார்.

“கையைக் காட்டுங்க தம்பி. எங்கெல்லாம் பட்டிச்சு?”

காட்டினேன். ஆள்காட்டி விரலுக்குக் கீழே காசளவுக்கு ஒரே ஒரு சிவப்பு. மற்ற இடமெல்லாம் வெளுப்பாகவே இருந்தது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எல்லாம் ஒரே எடத்துலயா?”

“எல்லாமே அங்கதாண்ணே.”

கட்டைவிரலால் அந்த இடத்தை மெல்ல நீவிவிட்டார். விமானம் ஏறும் வரைக்கும் மெஸ்ஸில் டைல்ஸுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் சாப்பிட்டார். அதுவும் நன்றாகச் சாப்பிட்டார்.

பச்சையே இல்லாத அந்த டைல்ஸ் இன்னும் சுவரில் இருக்கிறதோ என்னவோ. இப்போது போனால் அதன்மேல் எழுதியிருக்கும் அண்ணன் பெயரை என்னால் படிக்க முடியும். என் வலது கை இதை மெதுவாக எழுதுகிறது. காகிதம் நகராமல் பிடித்துக்கொண்டிருப்பது இடது கை. ஆள்காட்டி விரலுக்குக் கீழே இன்றும் கொஞ்சம் தடித்திருக்கிறது. அண்ணனிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த இடம்தான்.