மோப்பம் மாஸ்டரும் டிக்கி வைத்த காரும்

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பதை மோப்பம் மாஸ்டர் முப்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கூரையில் கண்ணாடி திறக்கிறதா, பின்னால் எடுக்கும்போது முன்னால் படம் தெரிகிறதா, ஸ்டியரிங்கில் எத்தனை பொத்தான். அவ்வளவுதான். தலைக்கு மேலே வானம் தெரிந்தால் போதும், காலுக்குக் கீழே தகரம் இருக்கிறதா என்று ஒருத்தனும் குனிந்து பார்ப்பதில்லை. குனிந்தால் கௌரவம் குறைந்துபோகும் போல.

மாஸ்டருக்குத் தொழில் கார் சீட் தைப்பது. டயர் கடைக்கும் பேட்டரிக் கடைக்கும் நடுவே ஒரே ஒரு ஷட்டர். உள்ளே ரெக்சின் சுருள், ஸ்பாஞ்சுப் பாளம், தையல் மெஷின், பசை டின். அதற்குப் பின்னால் ஒரு கட்டில், ஒரு கேஸ் ஸ்டவ். பெண்டாட்டி செத்தபிறகு அங்கேயே ஜாகை.

சீட்டைக் கழற்றினால்தான் ஒரு குடும்பத்தின் யோக்கியதை தெரியும் என்பது அவர் கட்சி. வெளியே பளபளவென்று பாலிஷ் போட்டிருப்பான். சீட்டுக்கடியில் ஆறு மாதத்து பிஸ்கட், தலைமுடி சுற்றிய ஹேர்பின், மூடி இல்லாத பேனா, ஒரு தடவை ஒரு பால்பல்கூடக் கிடைத்தது. இப்படி ஊரார் அழுக்கிலெல்லாம் முகத்தைப் புதைத்துப் புதைத்து மாஸ்டரின் மூக்குக்கு ஒரு படிப்பு வந்துவிட்டது. பெண்டாட்டியிடம் சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று சத்தியம் பண்ணியவன் காரை மோந்து பார்த்தே சொல்லிவிடுவார். முக்கியமாக, வெள்ளத்தில் முங்கிய காரை. எத்தனை தரம் கழுவினாலும், எந்த சென்ட்டை அடித்தாலும் அவரிடம் அது வேகாது.

இது எப்படியோ வெளியே பரவி, ஞாயிற்றுக்கிழமையானால் கார் வாங்குகிறவர்கள் அவரைக் கையோடு கூட்டிப்போக ஆரம்பித்தார்கள். மாஸ்டர் காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார். இரண்டு நிமிஷம். இறங்கி ‘வாங்கு’ என்பார், அல்லது ‘விடு’ என்பார். விளக்கம் கிடையாது. கூலியும் கிடையாது, ஒரு டீ. மோப்பம் என்று பேர் வைத்தது டயர் கடைக்காரன். நாய்க்குச் சொல்வதை நமக்குச் சொல்கிறானே என்று முதலில் கோபம். அப்புறம் அந்தப் பேரைக் கேட்டுத்தான் ஆள் வருகிறது என்று தெரிந்ததும் கோபம் போய்விட்டது. மானம் ரோஷம் எல்லாம் அவ்வளவுதான்.

அந்த மூக்கு போன வருஷம் செத்துப்போயிற்று.

ஒரு வாரக் காய்ச்சல். எழுந்து கடையைத் திறந்து பசை டின்னின் மூடியை நெம்பினார். தலை கிறுகிறுக்க வைக்கும் நெடி அது. ஒன்றுமில்லை. டின்னுக்குள்ளேயே மூக்கை விட்டார். தண்ணீரை மோந்த மாதிரி இருந்தது. கிளினிக்கில் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, “வந்தாலும் வரும், வராமலும் போகும்” என்றார். இதைச் சொல்ல எதற்கு அத்தனை வருஷப் படிப்பு என்று திட்டிக்கொண்டே வந்த மாஸ்டர், விஷயத்தைப் பற்றி ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

கூப்பிட்டவர்களுக்கு முதுகுவலி என்றார். தட்ட முடியாத இடமாக இருந்தால் போய், ஏறி, இறங்கி, ‘விடு’ என்றார். விடு என்று சொன்னால் யாரும் செத்துப்போவதில்லை, பாருங்கள். நல்ல காரோ கெட்ட காரோ, எல்லாவற்றுக்கும் ஒரே விடு. இதை யோக்கியம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

இந்தச் சமயத்தில்தான் தங்கை புருஷனுக்குக் கார் ஆசை வந்தது.

தங்கை புருஷன் குடிநீர் ஆபீசில் காகிதத்துக்கு சீல் குத்துகிறவர். குத்துகிற வேகத்தைப் பார்த்தால் ஊருக்கே அவர்தான் தண்ணீர் இறைத்து ஊற்றுகிறார் என்று தோன்றும். பக்கத்து மேஜைக்காரர் நீளமான கார் ஒன்றில் வந்து இறங்கியதிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை.

“கார்னா பின்னாடி டிக்கி தனியா நீட்டிக்கிட்டு நிக்கணும் மச்சான். டிக்கி இல்லாத காரு வாலறுந்த பல்லி மாதிரி.”

“டிக்கில என்ன வைப்பீங்க மாப்பிள்ளை?”

யோசித்தார். “குடை வைக்கலாம்.”

முதலில் புதுக் கார் ஷோரூமுக்குப் போனார். ஏசியில் உட்கார வைத்து, ஜூஸ் கொடுத்து, விலையைச் சொன்னார்கள். ஜூஸை மட்டும் மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். ஆகவே பழைய கார். காசு அவருடையதில்லை. தங்கை ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பத்தொன்பது வருஷமாக நின்றுகொண்டே வேலை பார்த்துச் சேர்த்தது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. அதிகாலை ஷிப்டுக்கு பஸ் கிடையாது, நடக்க வேண்டும். “உனக்காகத்தான் வாங்கறேன்” என்றார் புருஷன். கார் ஓட்டத் தெரிந்தது அவருக்கு மட்டும்தான். இந்தக் காசு ஒரு தரம் போனால் போனதுதான், மறுபடி சேர்க்க அவளுக்குக் கால் இல்லை.

நாலு வாரம், நாலு கார். மாஸ்டர் நாலையும் ‘விடு’ என்றார். அதில் நீலக் கார் ஒன்றைப் பின்தெருப் பல் டாக்டர் வாங்கி, ஜம்மென்று ஓட்டிக்கொண்டு தினமும் தங்கை வீட்டு வாசல் வழியாகவே போனார். ஹாரன் வேறு.

ஐந்தாவது ஞாயிறு காலை மாஸ்டர் தங்கை வீட்டுச் சமையலறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மாடியில் துணி உலர்த்திவிட்டு இறங்கிய தங்கை வாசற்படியிலேயே ஒரு கணம் நின்றாள். பிறகு முழங்கால் வலியையும் மறந்து அடுப்பிடம் ஓடி எதையோ திருகினாள், ஜன்னலைப் படாரென்று திறந்தாள், திரும்பி அண்ணனைப் பார்த்தாள். பார்த்தபடியே இருந்தாள்.

“என்ன, எலியா?” என்றார் மாஸ்டர்.

“ஒண்ணுமில்லண்ணா. நீ படி.”

புருஷன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். “மச்சான், இன்னிக்கு ஒண்ணு சொல்லிடறேன். நாலு வண்டிய விட்டாச்சு. இதையும் விடுன்னா ஏன்னு சொல்லணும். சும்மா விடு, விடுன்னா, நான் உங்களை விட்டுட்டு வண்டிய வாங்கிருவேன்.”

மாஸ்டர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

மூன்று பேருமாகப் போன இடம், பழைய கார் விற்கிற ஒரு பெரிய தகரக் கொட்டகை. கழுவித் துடைத்த கார்கள் பள்ளிக்கூட இன்ஸ்பெக்‌ஷனுக்கு நிற்கிற பிள்ளைகள் மாதிரி நெற்றியில் விலைச்சீட்டோடு வரிசையில் நின்றன. வெள்ளைச் சட்டை போட்ட விற்பனைக்காரன் பல் முப்பத்திரண்டையும் காட்டிக்கொண்டு வந்தான்.

“ஒரே ஓனர் சார். டாக்டர் வச்சிருந்த வண்டி.”

இந்தக் கொட்டகைகளில் விற்கிற கார் எல்லாமே டாக்டர் வைத்திருந்ததுதான். கணக்குப் பார்த்தால் ஆஸ்பத்திரியில் நோயாளியைவிட டாக்டர் அதிகம் இருக்க வேண்டும்.

வெள்ளைக் கார். பின்னால் டிக்கி நன்றாகவே நீட்டிக்கொண்டிருந்தது. விற்பனைக்காரன் ஒரு பொத்தானை அமுக்க, கூரைக் கண்ணாடி சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்தது. தங்கை புருஷன் வாயைப் பிளந்தார். தலையை வெளியே நீட்டிக் கொட்டகையின் தகரத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“உள்ள என்னா வாசனை! மச்சான் மோந்தே சொல்லிடுவாரு தம்பி, இது என்ன சென்ட்டுன்னு. சொல்லுங்க மச்சான்.”

மாஸ்டர் உள்ளே தலையை விட்டார். முன்னால் டிரைவர் கண்ணாடியில் பச்சை சென்ட் பாட்டில் ஒன்று தொங்கியது. மல்லிகையா, மண்ணெண்ணெயா, அவருக்கு எல்லாம் ஒன்றுதான்.

“என்ன சென்ட்டுன்னு கேக்காதீங்க மாப்பிள்ளை. எதுக்கு இவ்வளவு சென்ட்டுன்னு கேளுங்க.”

விற்பனைக்காரனின் பல்லில் நாலைந்து மறைந்தது. தப்பித்தோம் என்று மாஸ்டர் பின்சீட்டில் ஏறி, கதவைச் சாத்தி, கண்ணை மூடிக்கொண்டார். இழுத்து இழுத்து மூச்சு விட்டார். காற்று வந்தது, போயிற்று. அதில் ஒரு சேதியும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆறு உடைத்துக்கொண்டு மூன்று நாள் தண்ணீர் நின்றதே, அதில் முங்கிய கார்கள் இன்னும் ஊர் ஊராகக் கைமாறிக்கொண்டிருந்தன. ஆறு மாதம் ஒழுங்காக ஓடும். அப்புறம் வயருக்குள் துரு ஏறி நடுரோட்டில் நின்றுவிடும். தங்கையின் பத்தொன்பது வருஷமும் அதோடு நிற்கும்.

மறுபக்கக் கதவு திறந்தது. தங்கை ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். வெளியே புருஷன் டிக்கியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

“அண்ணா, உனக்கு மூக்கு போயிடுச்சுன்னு காலையில தெரிஞ்சுகிட்டேன். கேஸ் திறந்து கிடக்கு, நீ பக்கத்துல உக்காந்து விளையாட்டுப் பக்கம் படிக்கிற.”

மாஸ்டருக்கு முகம் செத்துப்போயிற்று. “அவருகிட்ட...”

“அதை அப்புறம் பேசலாம். இதைப் பாரு.” சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள். வழக்கமாக யாரும் இழுக்கிற அளவோடு நிற்கவில்லை. கதவோரத் தூணுக்குள் சுருண்டு கிடந்த கடைசி முழம் வரை இழுத்தாள். கருப்பு நாடாவின் அந்தக் கடைசிப் பாகம் மட்டும் சாம்பல் பூத்தாற்போல் வெளுத்திருந்தது. நகத்தால் சுரண்டினாள். நெசவுக்குள்ளிருந்து மாவு மாதிரி வண்டல் உதிர்ந்தது. “முன்சீட்டுலயும் இப்படித்தான். பார்த்துட்டேன்.”

முப்பது வருஷம் கண்ணால் பார்க்கிறவனையெல்லாம் மட்டமாகப் பேசியவர், குனிந்து கண்ணால் பார்த்தார். சுத்தமான சேறு.

இறங்கி நாடாவைப் புருஷனிடம் காட்டினார்கள். விற்பனைக்காரன் முந்திக்கொண்டான். “டாக்டர் வீட்டுக் குழந்தை டீயைக் கொட்டிடுச்சு சார்.”

“டீ கொட்டினா வெளியில இருக்கிற பெல்ட்டுல கறை இருக்கணும்” என்றாள் தங்கை. “தூணுக்குள்ள இருக்கிறதுல எப்படி வந்துச்சு? அந்தக் குழந்தை தூணுக்குள்ள போய் உக்காந்தா டீ குடிச்சுது?”

“ஏய், நீ சும்மா இரு. இது என்ன உன் ஆஸ்பத்திரி போர்வையா, கறை பார்க்கறதுக்கு?” என்றார் புருஷன். “மச்சான், நாத்தம் அடிக்குதா இல்லையா? அதைச் சொல்லுங்க. எனக்கு அது போதும்.”

தினமும் ஆயிரம் கறையைப் பார்த்து எது ரத்தம், எது மருந்து, எது சேறு என்று பிரிக்கிறவள் பக்கத்தில் நிற்கிறாள். கையில் வண்டல் இருக்கிறது. மனுஷருக்குத் தேவை ஒரு செத்த மூக்கின் சாட்சி. மாஸ்டருக்கு வந்த எரிச்சலில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றே நினைத்தார். சொன்னால் என்ன நடக்கும் என்றும் தெரிந்தது. ‘அப்ப நாத்தமில்லைன்னு வச்சுக்குவோம்’ என்று, கையெழுத்துப் போடக் கையில் தயாராக வைத்திருக்கிற பேனாவைத் திறந்துவிடுவார்.

மாஸ்டர் மறுபடி காருக்குள் தலையை விட்டார். இந்தத் தடவை உள்ளே மோப்பம் பிடிக்கவில்லை, பழைய ஞாபகத்தைக் கிளறினார். வெளியே வந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

“ஊறின சாக்கு. அதுக்குள்ள அழுகின இலை. கொஞ்சம் டீசல். தண்ணி ரேடியோ வரைக்கும் ஏறி, மூணு நாள் நின்னிருக்கு. மூணு நாளா, தம்பி? நாலா?”

“மூணுதா...” என்ற விற்பனைக்காரன் நாக்கைக் கடித்துக்கொண்டான். முகத்தில் ஈயாடவில்லை.

“பார்த்தியா!” தங்கை புருஷன் கொட்டகையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். “எத்தனை நாளுன்னு சொல்லுது மூக்கு! யாருகிட்ட வந்து காது குத்தற?” பேனாவைச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டு, தானே கண்டுபிடித்தவர் மாதிரி முன்னால் நடந்தார். பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பஸ்ஸில் திரும்பும்போது மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. “மாப்பிள்ளை, எனக்கு மூக்கு போய் பதினோரு மாசமாச்சு. ஒரு வாசமும் தெரியாது. அதைக் கண்டுபிடிச்சது உங்க பெண்டாட்டி. நீல வண்டிய நான் கண்ணை மூடிக்கிட்டு விடச் சொன்னேன். அது நல்ல வண்டி.”

தங்கை புருஷன் அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். “பெரிய ஆளுங்க இப்படித்தான் தன்னையே தாழ்த்திப் பேசுவாங்க. நீல வண்டிக்கும் காலம் வரும், இருங்க.”

மாஸ்டர் தங்கையைப் பார்த்தார். அவள் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பார்த்தால், சிரித்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரம் கழித்து சாம்பல் நிறத்தில் ஒன்று வாங்கினார்கள். டிக்கி இருந்தது. கூரையில் கண்ணாடி இல்லை, அதை அவர் இன்னும் சொல்லிப் புலம்புகிறார். தங்கை நாலு பெல்ட்டையும் கடைசி வரை இழுத்துப் பார்த்து, ஸ்டெப்னிக் குழியில் கையை விட்டுத் தடவி, சீட்டுக்கடியில் துணியால் துடைத்து அந்தத் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபிறகு, அண்ணனைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். மாஸ்டர் ஏறி, கண்ணை மூடி இரண்டு நிமிஷம் சும்மா உட்கார்ந்துவிட்டு இறங்கி, ‘வாங்கு’ என்றார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வந்து கூப்பிட்டாலும், “தங்கச்சியும் வருவா, சரின்னா வரேன்” என்கிறார். அவள் எதற்கு என்று ஒருத்தன்கூடக் கேட்டதில்லை. துணைக்கு வருகிறாள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். டீ முதலில் அவருக்குத்தான் கொடுக்கிறார்கள். வாங்கி அவள் கையில் கொடுத்துவிடுகிறார்.

காலை ஷிப்டுக்குப் போகும் வழியில் தங்கை காரை மாஸ்டர் கடை முன்னால் நிறுத்தச் சொல்கிறாள். புருஷன் இறங்குவதில்லை, ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறார். அவள் மட்டும் ஷட்டரைத் தூக்கி, பின்னறைக்கு நொண்டிக்கொண்டே போய், ஸ்டவ்வுக்கு முன்னால் நின்று மூச்சை இழுத்துப் பார்க்கிறாள்.

“மூடித்தான் இருக்கு, போ” என்று கட்டிலிலிருந்தே எரிந்து விழுகிறார் மாஸ்டர்.

“நீ சொன்னா போதுமா?” என்று கேஸ் குமிழையும் ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போகிறாள்.