சாக்பீஸில் எழுதிய பதினொன்று

கருப்பு சிலிண்டரின் வயிற்றில் சாக்பீஸால் எழுதிய பதினொன்று. அவசரமாகக் கிழித்த இரண்டு கோடுகள், இரண்டாவது கோடு கொஞ்சம் சாய்ந்திருக்கும். அண்ணியை நினைத்தால் முகத்துக்கு முன்பே அந்த எண்தான் வருகிறது. கொரோனா இரண்டாம் அலையில், திருவொற்றியூரில் ஆக்சிஜன் நிரப்பும் ஒரு கூடத்தின் வாசலில் அதைப் பார்த்தேன்.

அண்ணி வலைப்பக்கங்கள் எழுதும் வேலையில் இருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அண்ணன் வியாசர்பாடி குடியிருப்பின் இரண்டாவது மாடியில் குப்புறப் படுத்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தான். எந்த ஆஸ்பத்திரியிலும் படுக்கை இல்லை. யாரோ கொடுத்த சிலிண்டர் ஒன்று இருந்தது, அது காலியாகிவிட்டது. இன்னொரு சின்ன சிலிண்டர் மாலை வரை தாங்கும் என்றார்கள். அதற்குள் பெரியதை நிரப்பிக்கொண்டு திரும்ப வேண்டும். நான் பத்திரிகையில் வேலை செய்பவன். என் அடையாள அட்டைக்கு ஏதாவது மதிப்பிருக்கும் என்று நம்பி என்னைக் கூட்டிப்போனார். ஒரு மதிப்பும் இல்லை.

வாசலில் கதவை உடைக்கிற மாதிரி தள்ளுமுள்ளு. மேஸ்திரி கையெடுத்துக் கும்பிட்டு, "வரிசையா வாங்கப்பா, எல்லாருக்கும் உசுருதான்" என்று கத்திக் குரல் போயிருந்தது. அண்ணி ஒரு நிமிஷம் பார்த்தார். நின்றிருந்த லாரியின் நிழலில் தரையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தார். சீக்கிரமே ஒரு பக்கம் தயாரானது. வந்த வரிசைப்படி பெயர்கள், அவரவர் போனில் பார்த்துக்கொள்ளலாம், கூட்டமாக நிற்க வேண்டியதில்லை. நிரப்பிப் போனவர் பெயரை எடுத்துவிடுவார். எல்லோர் பெயரையும் சேர்த்து, சிலர் நிரப்பிக்கொண்டு கிளம்பிய பிறகுதான் தன் பெயரைக் கடைசியில் சேர்த்தார்.

பெயர்களுக்கு முன்னால் எண்கள் தெரிந்தன. அவை யாருக்கும் கொடுத்த எண்கள் அல்ல. பட்டியலைத் திரையில் காட்டும் டெம்ப்ளேட்டில் லூப் என்று ஒன்று ஓடும். ஒவ்வொரு பெயராக எடுத்து ஒரு வரி எழுதும். இது எத்தனையாவது சுற்று என்பதையும் அதுவே சுழியத்திலிருந்து எண்ணிவரும். அந்த எண்ணிக்கையைக் கேட்டு வாங்கி, ஒன்றைக் கூட்டிப் பெயருக்கு முன்னால் போட்டுவிடலாம். அவசரத்தில் யாரும் செய்வதுதான். முன்னால் ஒரு பெயர் போனால் பின்னால் உள்ள எல்லா எண்ணும் ஒன்று குறையும். திரையில் அது சரிதான்.

ஆனால் இது லாரித் தண்ணீர் பிடித்துப் பழகிய ஊர். குடம் வரிசையில் இருந்தால் ஆள் நிற்பதாகக் கணக்கு. குடத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் உலை வைத்துவிட்டு வரலாம். அதே பழக்கத்தில் கூடத்து லோடுமேன் ஒருவர் சாக்பீஸோடு கிளம்பினார். பெயர் சேர்ந்ததும் போனில் தெரிந்த எண்ணை அவரவர் சிலிண்டரில் எழுதி, எண்படி அடுக்கினார். ஜனங்கள் சிலிண்டரை விட்டுவிட்டு மரத்தடிக்குப் போனார்கள். அண்ணி தலை நிமிரவில்லை. அம்மா போனில் அண்ணனின் விரலில் மாட்டிய கருவி காட்டும் எண்ணைச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் அது இறங்கியிருந்தது.

பத்தாவது சிலிண்டர் போனதும் மேஸ்திரி வெளியே வந்தார். டேங்கில் இன்னும் ஒன்றுக்குத்தான் இருக்கிறது, அடுத்த லோடு காலையில்தான் என்றார். பதினொன்றைத் தேடினார்கள். பதினொன்று இரண்டு இருந்தன.

முன்னால் இருந்தது அண்ணியுடையது. இன்னொன்று குப்பத்திலிருந்து வந்த மீன்கார அம்மாவுடையது. வீட்டில் கிடப்பது அவருடைய ஒரே மகன்.

"காலைல எனக்குப் பதினொண்ணுன்னு சொல்லிட்டு, அதே நம்பர உன் சிலிண்டர்லயும் போட்டுக்கினியே, இன்னா நியாயம்மா இது?"

"பொட்டி தட்டத் தெரிஞ்சவங்க வூட்ல மட்டுந்தான் மூச்சு முட்டுது மாமு" என்றது கூட்டத்தில் ஒரு குரல். யாரோ போனைத் தூக்கிக் காட்டினார்: "இதுல மீன்காரம்மா ஒண்ணுன்னு கீது பாரு." உடனே இன்னொருவர், "காலைல பதினொண்ணு, இப்ப ஒண்ணா? போனே டுபாக்கூர். சாக்பீஸத்தான் நம்பணும்" என்றார்.

மேஸ்திரிக்குப் பொறுமை இல்லை. "சண்ட போட்டுக்கினே கெடங்க. நான் முன்னாடி நிக்கிறத எடுத்துக்கினு போறேன்." லோடுமேன் அண்ணியின் சிலிண்டரைச் சாய்த்து உருட்டத் தொடங்கினார்.

அண்ணி சும்மா இருந்திருந்தால் போதும். பொய்கூடச் சொல்ல வேண்டாம். போனில் அம்மா லைனில்தான் இருந்தார். அண்ணி அதை நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, நிறுத்துங்க. அது என் நம்பர் இல்ல. அது யார் நம்பரும் இல்ல, லூப்பு எண்ணிக்கினு போவுது, அவ்ளோதான். ஆள் கொறைய கொறைய போன்ல மாறும், சாக்பீஸு மாறாது. நான் சேர்றதுக்குள்ள கொஞ்சம் பேரு போயிட்டாங்க, அதான் எனக்கும் பதினொண்ணு. இந்தம்மா எனக்கு ரொம்ப முன்னாடி. அவங்களத எடுங்க."

கூட்டத்துக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. கடைசி வாக்கியம் புரிந்தது. மீன்கார அம்மா நகரவில்லை. "கண்ணு, உன் வூட்டுக்காரருக்கு?" என்று கேட்டார். அண்ணி என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, வண்டிய எடு. மணலில ஒரு எடம் கீதாம்."

மணலியில் கதவு பூட்டியிருந்தது. எண்ணூரில் போன் எடுக்கவில்லை. காட்டுப்பள்ளி சாலையில் ஒரு பட்டறைக்காரர் தன்னிடம் இருப்பது வெல்டிங் காஸ் என்று சொல்லிவிட்டு அழுதார். நடுவில், வண்டியின் பின்னால் உட்கார்ந்தபடியே, அண்ணி போனில் அந்த டெம்ப்ளேட்டைத் திருத்தினார். ஒவ்வொரு பெயருக்கும் சேரும்போதே ஒரு நிரந்தர எண், யார் போனாலும் மாறாதது. காலையில் வரப்போகிறவர்களுக்காக. எனக்கு அப்போது கோபம்தான் வந்தது.

லோடு வருவதற்குள் அண்ணன் போய்விட்டான். மூலக்கொத்தளம் சுடுகாட்டில் எங்களைக் கிட்டே விடவில்லை. "வாயத் தொறக்காம இருந்திருந்தா எம்புள்ள இருந்திருப்பான்" என்று அம்மா சொன்னார். அது அவர் அண்ணியிடம் பேசிய கடைசி வாக்கியம். இருவரும் இன்றும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். அண்ணி இப்போது ஒரு குழுவுக்குத் தலைவர். அவருடைய சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. அவர் ஊற்றி வைக்கும் டீயை அம்மா எடுத்துக் குடிக்கிறார், ஆனால் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அந்த ஒரு சிலிண்டர் அண்ணனைக் காப்பாற்றியிருக்குமா என்று இரண்டு டாக்டர்களிடம் கேட்டேன். ஒருவர் ஆம் என்றார். இன்னொருவர் தெரியாது என்றார். இரண்டையும் நான் வீட்டில் சொல்லவில்லை.

ஊரடங்கு தளர்ந்தபின் ஒரு மத்தியானம் மீன்கார அம்மா விசாரித்துக்கொண்டு படியேறி வந்தார். கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. மகன் இறந்துவிட்டான் என்று சொல்லத்தான் வந்திருந்தார். சிலிண்டர் கிடைத்த மறுநாளே ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்ததாம், அங்கே இரண்டு நாள் இருந்தானாம். "நீ குட்த்தத வீணாக்கிட்டேன் கண்ணு" என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அண்ணி அவர் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு ராத்திரி எப்டி இருந்தான்?"

"மாட்டுனதும் மூச்சு சீராயிடுச்சும்மா. கஞ்சி கேட்டான். குட்ச்சிட்டு, எங்கையப் புட்ச்சிக்கினு விடியற வரிக்கும் தூங்குனான்."

உள்ளே அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அண்ணி, "இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார்.