மாமாவுக்குத் தைத்த நாற்காலிப் பை

எங்கள் பட்டறையில் அவனை மடக்கு மாஸ்டர் என்றால்தான் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் டயர் கடைக்காரரே கொஞ்சம் முழிப்பார். பஸ் டிப்போவுக்குப் பின்னால், அந்த டயர் கடைக்கு மாடியில் மூன்று தையல் மெஷின், ஒரு வெட்டு மேசை, சுவர் ஓரமாகக் கேன்வாஸ் உருளைகள். அவ்வளவுதான் பட்டறை. வெட்டுவது நான், தைப்பது அவன். கையில் எது கிடைத்தாலும் அதை மடக்கி இன்னொன்றாக ஆக்க முடியுமா என்று பார்க்கிற புத்தி அவனுக்கு. அதனால்தான் அந்தப் பெயர்.

மின்கம்பம் ஏறுகிற ஒருவருக்குப் பை தைத்தான். முதுகில் மாட்டிக்கொண்டு ஏறி, மேலே போனதும் ஒரு கொக்கியைத் தட்டினால் பை முன்னால் சுற்றி வந்து மார்பில் விரியும். ஸ்பேனரும் பிளேயரும் கண்ணுக்கு நேரே நிற்கும். கைக்குழந்தைக்காரி ஒருத்திக்குத் தோள்பை தைத்தான். ஜிப்பைச் சுற்றிலும் திறந்தால் அது குழந்தை படுக்கிற மெத்தை. மலையேறுகிறவர்களுக்கு ஒரு முதுகுப்பை, பிரித்து இரண்டு மரத்துக்கு நடுவே கட்டினால் தொங்கு படுக்கை.

எல்லாமே உருப்பட்டது என்று சொல்ல மாட்டேன். ஒரு தடவை மழைக்கோட்டாக மாறுகிற பை தைத்தான். மழை வந்ததும் பையைப் பிரித்து உடம்பில் போட்டுக்கொள்ளலாம். "அப்ப பைக்குள்ள இருந்த சாமானெல்லாம் என்னடா பண்றது?" என்று கேட்டேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

அவன் அக்கா கல்யாணமாகிப் போனபோது சீர் சாமானோடு சேர்ந்து அவனும் போனான். அப்பா அம்மா இல்லை. அக்கா வீட்டுக்காரர், அவனுக்கு மாமா, ஒரு நாள்கூட அவன் தட்டைப் பார்த்து முகம் சுளித்ததில்லை. முதல் மெஷினை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். இப்போது அவன் படுப்பது பட்டறையில், சாப்பாடு அக்கா வீட்டில். மாமா போட்டோகிராபர். ஸ்டுடியோ எல்லாம் கிடையாது. அணைக்கட்டுக்கு மேலே வேடிக்கை பார்க்கிற மேடை ஒன்று உண்டு. அங்கே வருகிற கூட்டத்தைப் படம் பிடித்து, அங்கேயே சின்ன மெஷினில் அச்சுப்போட்டுக் கையில் கொடுப்பார். காலையிலிருந்து வெயில் சாயும்வரை நின்றபடியே வேலை. முட்டி தேய்ந்து போயிற்று.

அவருக்காக மடக்கு தைத்ததுதான் நாற்காலிப் பை. கேமரா, அச்சு மெஷின், குடை எல்லாம் அதில் அடங்கும். சாமானை வெளியே எடுத்து, பக்கத்து உறைகளில் இருக்கிற அலுமினியக் கால்களை விரித்து, பையைத் தலைகீழாகக் கவிழ்த்தால் சாய்வு நாற்காலி. தோளில் போடுகிற பெல்ட் இரண்டும்தான் அப்போது முதுகுச் சாய்வைத் தாங்கும். பெல்ட்டின் வால் நுனியில் கொக்கி வைத்து முன்காலில் மாட்டுகிற மாதிரி செய்திருந்தான். நான் பார்த்ததிலேயே அவன் செய்த அழகான வேலை அது. மாமா ஒரு சீசன் முழுக்க அதில் உட்கார்ந்தார். போகிறவர் வருகிறவரிடம் எல்லாம், "எங்க மாப்ள தச்சது" என்று சொல்லிக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் காட்டுவார்.

பிறகு நாற்காலி கொஞ்சம் தாழ்வாக இருக்கிறது, எழுந்திருக்கக் கஷ்டமாக இருக்கிறது என்றார். பெல்ட்டைப் பிரித்து ஒரு சாண் குறைத்துத் தைத்திருந்தால் முடிந்தது கதை. நானும் அதைத்தான் சொன்னேன். ஆனால் மலையேறும் சாமான் விற்கிற கடைக்காரம்மா அந்தப் பையைப் பார்த்து ஆசைப்பட்டிருந்தாள். நெட்டையோ குட்டையோ, யார் உயரத்துக்கும் ஒரே பை சரியாக வந்தால் நிறைய எடுக்கிறேன் என்றிருந்தாள். அந்த நினைப்பில் பெல்ட்டை அறுத்து நடுவில் அட்ஜஸ்டர் போட்டான். நீங்கள் முதுகுப்பையில் பார்த்திருப்பீர்கள், வாலை இழுத்தால் பெல்ட் இறுகும், அந்த பிளாஸ்டிக் துண்டு.

பை தைக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம். புதுப் பை எதுவானாலும் உள்ளே மணல் மூட்டையைத் திணித்து, உத்தரத்துக் கொக்கியில் ஒரு ராத்திரி தொங்கவிடுவோம். காலையில் தையல் விடாமல் இருந்தால் பை பாஸ். இந்தப் பையையும் அப்படித்தான் தொங்கவிட்டான். அசையவில்லை. நாற்காலியாக ஆக்கியும் உட்கார்ந்து பார்த்தான், உட்கார்ந்த வேகத்தில் எழுந்தும் விட்டான். அவன் எதிலும் நிலையாக உட்காருகிற ஆள் இல்லை, உடம்பும் ஊதினால் பறக்கும்.

மாமா விழுந்தது ஒரு விடுமுறை நாளில். நல்ல கூட்டம். ஒரு குடும்பத்தைப் படம் பிடித்துவிட்டு வந்து சாய்ந்தவர், அப்படியே பின்பக்கமாகக் கருங்கல் படியில் சரிந்தார். ஊன்றின வலது கை மணிக்கட்டோடு முறிந்தது. சுற்றி நின்றவர்கள் முதலில் சிரித்துவிட்டார்கள். பிறகுதான் ஓடி வந்து தூக்கினார்கள். ஆஸ்பத்திரியில் தகடு வைத்தார்கள். கட்டைவிரல் முன்போல மடங்கவில்லை.

நாங்கள் போய்ப் பார்த்தபோது மாமா சொன்னதெல்லாம், "ஜல்லியில கால வச்சு நாற்காலியப் போட்டிருக்கேன். எனக்குத்தான் கவனமில்ல" என்பதுதான். அக்காவும் சேர்ந்துகொண்டாள். அவன் பார்த்துப் பார்த்துத் தைத்துக் கொடுத்ததில் ஒழுங்காக உட்காரக்கூடத் துப்பில்லை என்று ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் பொரிந்தாள். மடக்கு அப்போது மாமாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அதில் கள்ளமில்லை, அவனுக்கு அதுவரை ஒன்றும் தெரியாது.

இரண்டு நாள் கழித்து, படியில் உரசிக் கிழிந்த மூலையைத் தைக்கச் சொல்லி அக்கா பையைக் கொடுத்து அனுப்பினாள். மேசையில் போட்டவன் பெல்ட்டைப் பார்த்தான். அட்ஜஸ்டர் கடித்திருந்த தடம் ஒரு இடத்தில் இருந்தது, அட்ஜஸ்டர் வேறு இடத்தில் இருந்தது. நடுவே பெல்ட் வழவழவென்று தேய்ந்திருந்தது. பையைக் கவிழ்த்தான், நிமிர்த்தினான், மறுபடி கவிழ்த்தான். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. பையாகத் தொங்கும்போது பாரம் அட்ஜஸ்டரைக் கடிக்கிற பக்கம் இழுக்கிறது. நாற்காலியாகக் கவிழ்த்தால் அதே பாரம் வால் பக்கம் இழுக்கிறது. வாலை இழுத்தால் பெல்ட் ஓடத்தானே செய்யும்? நாம் இறுக்குவதே அப்படித்தான். நாங்கள் பையைத்தான் தொங்கவிட்டோம். நாற்காலியைத் தொங்கவிட யாருக்குத் தோன்றும்?

மடக்கு பையை இழுத்து மடியில் போட்டான். பிளேடை எடுத்து அட்ஜஸ்டர் இரண்டையும் அறுத்தான். பெல்ட்டைச் சேர்த்து வைத்து, கட்டம் போட்டு நடுவில் பெருக்கல் குறி அடித்துத் தைத்தான். கடைக்காரம்மாவுக்குத் தைத்து வைத்திருந்த பைகளிலும் அன்றைக்கே அதையே செய்தான். அந்த மட்டில் சரி. ஆனால் மாமாவிடம் பையைக் கொடுக்கும்போது, "மூலைய மட்டும் தச்சேன் மாமா" என்று சொல்லிவிட்டான்.

அதற்குப் பிறகு அவனைப் பார்க்கச் சகிக்கவில்லை. மாமாவின் கட்டுப் போட்ட கையைத் தாங்க ஒரு தொட்டில் உறை தைத்தான். அதிலேயே மாத்திரைக்கும் கண்ணாடிக்கும் இடம் வைத்தான். பிறகு கேமராவை மார்பிலேயே நிறுத்தி, இடது கையால் அமுக்குகிற மாதிரி ஒரு வார்க்கட்டு. அவிழ்த்தால் அதுவே குடையைத் தாங்கும். ஒவ்வொன்றையும் மாமா வாங்கிப் பார்த்துப் பக்கத்து வீடு வரைக்கும் கொண்டுபோய்க் காட்டினார். அவர் புகழப் புகழ இவனுக்கு வேலை ஓடவில்லை. மெஷினில் உட்கார்ந்தால் ஊசி ஓடும், துணி நகராது. நூல் சிக்கி ஒரே இடத்தில் முடிச்சாகச் சேரும். "போய்ச் சொல்லித் தொலைடா" என்று நானும் எத்தனையோ தடவை திட்டினேன். "சொல்லிடறேண்ணே" என்பான். அக்கா வீட்டுக்குப் போய்விட்டு வந்து முகத்தைக் கழுவிக்கொள்வான்.

சொல்லாமலேகூட இருந்திருப்பான். மாமாவின் நடைதான் அதற்கு இடம் கொடுக்கவில்லை. கட்டுப் பிரித்த பிறகும் அவர் அணைக்கட்டுப் பக்கம் போகவில்லை. வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மாடிப்படி ஏறும்போது அக்காவைக் கூப்பிட்டார். காலில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதை நம்பவில்லை. கடைசியில், மேடையில் தன் இடத்தை வேறொரு போட்டோகிராபருக்கு விட்டுக்கொடுக்கப் போகிறேன் என்று சொல்லி அனுப்பினார். அந்த ஆள் ஞாயிற்றுக்கிழமை வந்து பேசி முடிப்பதாக ஏற்பாடு.

சனிக்கிழமை மத்தியானம் மடக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனான். மாமா கட்டிலில் உட்கார்ந்து கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார், கொடுக்கப்போகிற பொருளைத் துடைக்கிற மாதிரி.

"விட்றலாம் மாப்ள," என்றார். "கை போனா இன்னொரு கை இருக்கு. ஆனா சும்மா உக்காந்திருந்தவன் எதுக்கு விழறேன்? ஒடம்பு எனக்குத் தெரியாம என்னமோ பண்ணுது. நாளைக்குக் கூட்டத்துல யாரோட கொழந்தை மேலயாவது விழுந்தா?"

மடக்கு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நீங்க விழல மாமா. பெல்ட் ஓடிருச்சு. நான் போட்ட அட்ஜஸ்டர் தலைகீழ்."

அக்கா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள். மாமா கேமராவைக் கட்டிலில் வைத்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"பை தைக்க வந்துச்சே, அன்னைக்கே."

அக்கா கரண்டியை ஓங்கினாள். நான் குறுக்கே போகவில்லை. விழுந்தால் விழட்டும் என்றுதான் நின்றேன். மாமாதான் அவளைக் கையமர்த்தினார். அடிக்கக்கூடாது என்பதற்காக இல்லை. அவருக்கு அவன் சொன்னதில் நம்பிக்கை வரவில்லை.

"என்னைத் தேத்தறதுக்குச் சொல்றான்," என்றார் அக்காவிடம். அவனைப் பார்த்து, "நெஜம்னா அதை மறுபடி மாட்டி எடுத்துட்டு வா. நான் பாக்கணும்."

மடக்கு பையைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு ஓடினான். தைத்ததைப் பிரித்து, முன்பிருந்தபடியே அட்ஜஸ்டரைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தான். கூடத்தில் நாற்காலியை விரித்தான். மாமா எழுந்து உட்காரப் போனார். விடவில்லை, அவனே உட்கார்ந்து சாய்ந்தான்.

நாற்காலி அசையவில்லை.

முன்னால் குனிந்தான், பின்னால் சாய்ந்தான். கல் மாதிரி நின்றது. மாமா முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் வடிந்துகொண்டு வந்தது. விழ வேண்டுமே, விழ வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு ஒரு மனிதன் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

"அந்தத் தண்ணி கேனை மடியில வை அக்கா," என்றான். அவன் உடம்பு மாமா உடம்பில் பாதிதானே. அக்கா நிரம்பிய கேனைத் தூக்கி மடியில் வைத்தாள், கோபத்தில் வைத்தாள் என்பதால் கொஞ்சம் பலமாகவே வைத்தாள்.

"நான் ஒடனே சாய மாட்டேன்," என்றார் மாமா. "எடுத்த படத்தைப் பாக்க இப்படித் திரும்புவேன். வலது பக்கம்."

அவன் கேனை அணைத்துக்கொண்டு வலது பக்கம் திரும்பினான். சர்ரென்று ஒரு சத்தம். பெல்ட் வெண்ணெயில் கத்தி போல ஓடியது. ஆளும் கேனும் பின்பக்கமாகப் போய்த் தரையில் மோதி, மூடி தெறித்துக் கூடமெல்லாம் தண்ணீர். பின்மண்டையில் நல்ல அடி. அக்கா கரண்டியைப் போட்டுவிட்டு, "ஐயோ, தம்பி" என்று அவன் தலையைத் தூக்கினாள். தூக்கிப் பார்த்து ரத்தமில்லை என்று தெரிந்ததும் முதுகில் இரண்டு வைத்தாள்.

மாமா தண்ணீரில் நடந்து வந்தார். சுவரைப் பிடிக்கவில்லை. குனிந்து பெல்ட்டை எடுத்து, வாலை இழுத்துப் பார்த்தார். விட்டார். மறுபடி இழுத்தார்.

"அப்ப எங்காலு நல்லாத்தான் இருக்கு."

"ஆமா மாமா."

"தெனமும் வந்து எம்பக்கத்துல உக்காந்து சாப்ட்டியேடா. நான் செவுத்தப் புடிச்சுகிட்டு நடக்கறதப் பாத்துகிட்டே."

அவன் ஈரத்திலேயே உட்கார்ந்திருந்தான். மாமா உள்ளே போய், ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம் என்று அந்த ஆளுக்குப் போன் போட்டார். குரல் மட்டும் கேட்டது. பழைய குரல்தான்.

அடுத்த வாரமே மாமா மேடைக்குத் திரும்பினார். கேமராவை மார்பு வார்க்கட்டில் மாட்டி இடது கையால் எடுக்கிறார். படம் கொஞ்சம் சாய்வாகத்தான் விழுகிறதாம், யாரும் குறை சொல்லவில்லையாம். மடக்கு பெல்ட்டை மறுபடி அழுத்தித் தைத்து, நாற்காலிப் பையைக் கூடத்தில் கொண்டுபோய் வைத்தான். மாமா அதில் சாமானை மட்டும் போட்டு எடுத்துப் போனார். உட்காருவதற்கு, கடையில் வாங்கின பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டார். நாங்கள் ஒரு நாள் மேடைப் பக்கம் போனபோது அந்த ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தார். மடக்கு அதைப் பார்த்துவிட்டு, எதையும் பார்க்காதவன் போல அணைத் தண்ணீரைப் பார்த்தான்.

கிளம்பும்போது மாமாவே கூப்பிட்டார். "மாப்ள, இந்த ஸ்டூலத் தோள்ல மாட்டிக்க ஒரு பெல்ட் தச்சுக் குடு. வெறும் பெல்ட்டுப் போதும்."

அன்று சாயந்திரமே தைத்தான். ஒரு முழ பெல்ட்டுக்கு அவன் அவ்வளவு நேரம் எடுத்து நான் பார்த்ததில்லை. நூல் பிரியாமல் இருக்க நுனியைச் சுட்டு, மடித்து, கட்டம் அடித்து, அதற்கு மேலேயும் அடித்தான். கொண்டுபோய்க் கொடுத்தபோது நானும் கூட இருந்தேன். மாமா வாங்கி ஸ்டூலில் மாட்டினார். பிறகு பெல்ட்டை இடது கையில் ஒரு சுற்றுச் சுற்றி, அவன் கண் முன்னாலேயே பலமாக இழுத்துப் பார்த்தார். இதற்கு முன்னால் அவன் தைத்துக் கொடுத்ததை வாங்கும்போது அவர் ஒரு நாளும் இழுத்துப் பார்த்ததில்லை.