ஊசிக்கு மூடி

நர்சிங் கல்லூரியின் பயிற்சி அறை இருபத்திரண்டு வருஷமாக அவள் பொறுப்பில் இருந்தது. சம்பளச் சீட்டில் உதவியாளர், நடப்பில் அந்த அறைக்கு ராணி. மாணவிகள் அவளுக்கு வைத்த பெயர் மூடியக்கா. அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது, உள்ளூரக் கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

அந்த அறைக்கு வாரத்துக்கு ஒரு பெட்டி ஊசிதான் வரும். நாற்பது பெண்கள், குத்திப் பழக நான்கு ரப்பர் கைகள். ஒரு முறை குத்திய ஊசியைத் தூக்கிப் போட்டால் செவ்வாய்க்கிழமையோடு பாடம் முடிந்துவிடும். அதனால் குத்தியதும் மூடி போட்டுத் தட்டில் வைக்க வேண்டும், அடுத்தவள் அதையே எடுப்பாள். ஒரு தடவை பெருக்க வந்த அம்மாவின் காலில் திறந்து கிடந்த ஊசி ஏறிவிட்டது. ரப்பர் கையில் குத்திய ஊசிதான், ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து மூடியக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நின்றாள். "மூடி?" என்பாள். அவ்வளவுதான். போடாத பெண் அன்றைக்குத் தொலைந்தாள்.

அதே அறையின் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு படம். குத்திய ஊசிக்கு மூடி போடாதே, நேராக டப்பாவில் போடு என்று சிவப்பு எழுத்தில் இருக்கும். மூடப் போகும்போதுதான் விரலில் குத்தும், நோயாளியின் ரத்தத்தில் உள்ள நோய் அந்த நுனி வழியாக உள்ளே வரும் என்று டீச்சர்களும் வகுப்பில் விளக்குவார்கள். விளக்கிவிட்டு, அதெல்லாம் வார்டுக்கு, இங்கே மூடிவிடுங்கள் என்பார்கள். இதில் ஏதோ இடிக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. படித்தவர்கள் நிறைந்த கட்டடம் அது.

மூடியக்காவுக்குப் பிள்ளை இல்லை. தங்கை மகள் அவள் வீட்டில் தங்கி அந்தக் கல்லூரியிலேயே படித்தாள். வீட்டில் அவளை வாலு என்று கூப்பிடுவார்கள், பெயருக்கேற்ற பெண். பிரின்சிபால் இருமுவது முதல் பெரியம்மா சாவிக்கொத்தைத் தேடுவது வரை அச்சு அசலாக நடித்துக் காட்டுவாள். இரண்டாவது பட்டியலில் இடம் கிடைத்ததால் ஒரு மாதம் தாமதமாகச் சேர்ந்தாள். அதற்குள் மற்றவர்களுக்கெல்லாம், ரத்தம் வழியாகப் பரவிக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி நோய்க்கான தடுப்பூசியின் முதல் தவணை போட்டாகிவிட்டது. அடுத்த வருஷம் வருகிறவர்களோடு போடலாம் என்றார்கள். அடுத்த வருஷப் பட்டியலில் அவள் பெயரே இல்லை. யாரும் கேட்கவில்லை, அவளும் விட்டுவிட்டாள்.

அறைச்சாவி பெரியம்மா கையில் இருப்பதால் வாலுவுக்கு மட்டும் சாயங்காலம் ஒரு மணி நேரம் கூடுதல் பயிற்சி. குத்து, இழு, எடு, மூடு. மறுபடியும் குத்து, இழு, எடு, மூடு. ஒரே மாதத்தில் இருநூறு தடவைக்குக் குறையாது. கல்லூரியிலேயே சுத்தமான கை இவளுடையதுதான் என்று டீச்சர் சொன்ன அன்று மூடியக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

இரண்டாம் வருஷம் வார்டு வேலை தொடங்கியது. ஒரு காலை, வயதான ஒருவருக்கு ரத்தம் எடுத்து முடித்தாள் வாலு. குத்திய ஊசியைப் போடும் டப்பா வார்டின் அந்தக் கோடியில் இருந்தது. பக்கத்துக் கட்டிலிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்த்தபடியே மூடியை எடுத்தாள். ஊசி மூடியின் வாயைத் தப்பி இடது ஆட்காட்டி விரலில் இறங்கியது.

சோப்புப் போட்டுக் கழுவினாள். சொல்லவில்லை. படித்துப் படித்துச் சொன்னேனே என்று ஹெட் நர்ஸ் வார்டே கேட்கும்படி திட்டித் தீர்த்துவிடுவாள் என்ற பயம். அன்றைக்கே சொல்லியிருந்தால் அந்தப் பெரியவரின் ரத்தத்தைச் சோதித்து இவளுக்குக் காப்பு மருந்து கொடுத்திருப்பார்கள். மருந்து இரண்டு மாடி கீழே குளிர்பெட்டியில் இருந்தது.

மூன்று மாதம் கழித்துச் சோறு இறங்கவில்லை. பரீட்சைக் களைப்பு என்று நினைத்தாள் பெரியம்மா. கண் மஞ்சளான பிறகு அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஊசி ஏதாவது குத்தியதா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டாள் வாலு. அவர் போன பிறகு பெரியம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

"திட்டாதீங்க. மூடப் போனேன் பெரியம்மா. கை தானா போயிடுச்சு. மூடக் கூடாதுன்னு ஞாபகம் வர்றதுக்குள்ள குத்திடுச்சு."

மூடியக்கா ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னாள். பெரும்பாலானவர்கள் ஓய்வெடுத்தால் எழுந்துவிடுவார்கள், வெகு சிலருக்குத்தான் கல்லீரல் ஒரேயடியாகக் கைவிடும் என்றார் அவர். வாலு அந்த வெகு சிலரில் ஒருத்தியாகிப் போனாள். பதினோராம் நாள் முடிந்துவிட்டது. அவளுக்கு இருபது வயது.

மறு மாதம் பிரின்சிபால் அறையில் விசாரணை அறிக்கையைப் படித்தார்கள். தங்கையையும் அவள் புருஷனையும் வரச் சொல்லியிருந்தார்கள். முறையாகப் பயிற்சி அளித்தும் மாணவியின் கவனக்குறைவால் நேர்ந்தது என்று எழுதியிருந்தது. ஆதாரம் அவளுடைய விடைத்தாள். ஊசிக்கு மூடி போடலாமா என்ற கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள். சுவரில் படம் இருந்தது உண்மை என்று மூடியக்கா ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், எங்கக்கா கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கிட்டா என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு மிச்சம் இருந்த ஆறுதல் அது ஒன்றுதான். மூடியக்காவுக்கும் அது தெரியும். கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போகலாம். போனால், பிள்ளை அசட்டையாக இருந்து செத்தாள் என்று காலத்துக்கும் காகிதத்தில் நிற்கும்.

தங்கையின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டாள். "அவ கவனமில்லாத பொண்ணு இல்ல மேடம். பழக்கினபடியே செஞ்சா. மூடு மூடுன்னு இருநூறு தடவை பழக்கினது நான்."

பயிற்சி அறை வேறு, வார்டு வேறு என்று பிரின்சிபால் பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

"அது நமக்குத் தெரியும் மேடம். கைக்குத் தெரியலையே."

அறிக்கையில் அந்த வரியை அடித்தார்கள். இருபத்திரண்டு வருஷமாகக் கிடைக்காத ஊசிகள் இரண்டே வாரத்தில் வந்து இறங்கின. குத்தியதும் போட ஒவ்வொரு ரப்பர் கைக்குப் பக்கத்திலும் ஒரு டப்பா. தாமதமாகச் சேர்ந்த ஆறு பெண்களைத் தேடிப் பிடித்துத் தடுப்பூசி போட்டார்கள். இவ்வளவும் முன்னாலேயே முடிந்திருக்கும் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அறிக்கை படித்த அன்று வெளியே வராந்தாவில் தங்கை அழவில்லை. ஒன்றுதான் கேட்டாள்.

"நீயாக்கா அவளுக்கு அப்படிச் சொல்லிக் குடுத்தே?"

"நான்தான்."

தங்கை புருஷனோடு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

மூடியக்கா இப்போதும் ஞாயிறுதோறும் தங்கை வீட்டுக்குப் போன் போடுகிறாள். தங்கை புருஷன்தான் எடுக்கிறார். நல்ல மனுஷர், சௌக்கியமா என்று விசாரிப்பார். அவளிடம் கொடுங்கள் என்றால், தூங்குகிறாள் என்பார். அப்போது சாயங்காலம் நாலு மணி இருக்கும்.